பானை வடிகட்டி செய்வோம், சோதிப்போம்

ராஜஸ்தான் வறண்ட மாநிலம். அங்கே பல ஊர்களில் படிக்கிணறுகள் உண்டு. மக்கள் படிகளில் இறங்கிப் போவார்கள். தண்ணீரில் கால் வைத்து நின்று குடத்தை நிரப்புவார்கள்.

பல ஊர்களில் அந்தத் தண்ணீர் பார்க்க நன்றாகவே இருந்தது. குடித்தவர்களுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதமும் ஒன்றும் ஆகவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலில் ஒரு கொப்புளம் வந்தது. கொப்புளம் உடைந்தது. அதிலிருந்து வெள்ளை நூல் போல ஒரு புழு தலை நீட்டியது.

அந்தப் புழு இரண்டடி, மூன்றடி நீளம் இருக்கும். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் புண் பெரிதாகும். அதனால் ஒரு சிறு குச்சியில் சுற்றி, ஒரு நாளைக்குக் கொஞ்சமாக வெளியே எடுப்பார்கள். முழுவதும் வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நடக்க முடியாது. வயலுக்குப் போக முடியாது. அறுவடை நேரத்தில் வீட்டில் இரண்டு பேர் படுத்துவிட்டால் அந்த வருடம் அந்தக் குடும்பம் கடன்தான் வாங்க வேண்டும்.

ராஜஸ்தானில் இதற்கு ‘நாரு’ என்று பெயர். தமிழில் நரம்புச் சிலந்தி என்பார்கள்.

புழு எப்படி உடம்புக்குள் போகிறது? தண்ணீரில் மிகச் சிறிய பூச்சி ஒன்று வாழ்கிறது. அது கடுகைவிடச் சிறியது. நரம்புச் சிலந்தியின் குஞ்சுகளை அந்தப் பூச்சி தின்கிறது. பூச்சி இருக்கும் தண்ணீரை மனிதர் குடிக்கிறார். பூச்சி வயிற்றில் செத்துப் போகிறது. புழுக்குஞ்சு சாவதில்லை. உடம்புக்குள் வளர்கிறது. பிறகு புண் உள்ள காலோடு அவர் படிக்கிணற்றில் இறங்குகிறார். புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் விடுகிறது. அதையே ஊர் குடிக்கிறது.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது. தடுப்பூசியும் கிடையாது. இந்தியா 1983-84-இல் இதை ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது ஒரு வருடத்தில் சுமார் 40 ஆயிரம் பேருக்கு இந்த நோய் இருந்தது. ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தது சின்ன விஷயம்தான். தண்ணீரை நெருக்கமான துணியில் வடிகட்டுங்கள். புண்ணோடு தண்ணீரில் இறங்காதீர்கள். இவற்றோடு கைப்பம்புகள் போட்டார்கள். படிக்கிணறுகளை வாளி விட்டு இறைக்கும் கிணறுகளாக மாற்றினார்கள். பூச்சியைக் கொல்லும் மருந்தையும் தண்ணீரில் கலந்தார்கள். 1996 ஜூலையில் ஜோத்பூர் மாவட்டத்தில் கடைசி நோயாளி பதிவானார். இந்தியாவில் இந்த நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சான்று கொடுத்தது.

மருந்தே இல்லாத ஒரு நோயை விரட்டியதில் ஒரு துண்டுத் துணிக்கும் பங்கு உண்டு.

துணியில் எது நிற்கும், எது நிற்காது?

அப்படியானால் துணி ஒன்றே போதுமா? போதாது. அந்தப் பூச்சி கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியது. அதனால் துணியில் நின்றது. வாந்திபேதி, டைபாய்டு, சீதபேதி ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகள் அப்படி அல்ல. அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். அந்த இடைவெளியில் சுமார் 500 கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம். துணியின் இழைகளுக்கு நடுவே அவை சுலபமாக நுழைந்துவிடும்.

ஆனாலும் துணியை அலட்சியமாக நினைக்கக் கூடாது. பங்களாதேஷ் நாட்டுக் கிராமங்களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துப் பெண்கள் தண்ணீரை வடிகட்டினார்கள். அந்தக் கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முடிவு 2003-இல் வெளிவந்தது. காலராக் கிருமி குளத்து நீரில் உள்ள நுண்ணிய பூச்சிகளிலும் பாசியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை துணியில் நிற்கும்போது கிருமியும் நிறைய நின்றுவிடுகிறது. புதுச் சேலையைவிடப் பழைய சேலை நல்லது. துவைத்துத் துவைத்து அதன் இழைகள் பஞ்சு போலப் பிரிந்து, சந்துகளை அடைத்திருக்கும்.

துணிக்கு அடுத்த படி மணல். மணலும் கரியும் வைத்து வீட்டிலேயே ஒரு வடிகட்டி செய்யலாம்.

என்னென்ன வேண்டும்?

மண்பானை மூன்று. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க ஒரு மரத்தாங்கி அல்லது இரும்புத்தாங்கி. பானை கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் வாளியும் ஆகும். பெயிண்ட், பூச்சிமருந்து, எண்ணெய் இருந்த வாளி மட்டும் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் அந்த வாடை போகாது. விஷமும் போகாது.

பிறகு ஆற்று மணல், சரளைக் கல், கரி, பழைய வெள்ளைத் துணி.

மணலைச் சலிக்க வேண்டும். மாவு போன்ற தூசியும் வேண்டாம், பெரிய கல்லும் வேண்டாம். கடல் மணல் உப்பு. அதை எடுக்கக் கூடாது. சலித்த மணலை ஒரு பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கையால் கலக்குங்கள். கலங்கிய நீரை வடித்துக் கொட்டுங்கள். அரிசி களைவது போலத்தான். ஆனால் அரிசியை இரண்டு முறை களைந்தால் போதும். மணலைப் பத்து முறை கழுவ வேண்டி வரும். மேலே நிற்கும் நீர் தெளிவாகும் வரை விடக் கூடாது. பெரும்பாலான வீட்டு வடிகட்டிகள் கெட்டுப் போவது இந்த இடத்தில்தான். மணலை அரைகுறையாகக் கழுவிவிட்டு, வடிகட்டி கலங்கல் தண்ணீர் தருகிறது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். கழுவிய மணலை வெயிலில் காய வையுங்கள்.

கரி என்றால் விறகுக் கரி அல்லது கொட்டாங்கச்சிக் கரி. சாம்பல் அல்ல. நிலக்கரியும் அல்ல. கரியைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, கறுப்புத் தூள் போகும் வரை கழுவுங்கள்.

எப்படி அடுக்குவது?

மேலே இருக்கும் இரண்டு பானைகளின் அடியிலும் சிறு துளை போட வேண்டும். சுண்டுவிரல் நுழையும் அளவு கூட வேண்டாம், பென்சில் பருமன் போதும். பானையை ஈரச் சாக்கின்மேல் கவிழ்த்து வைத்து, ஆணி முனையால் மெதுவாகச் சுரண்டினால் பானை உடையாது. துளையில் ஒரு துணித் திரியைச் செருகுங்கள். தண்ணீர் திரி வழியாக மெல்ல இறங்கும்.

முதல் பானையில் அடியில் நான்கு விரல் உயரம் சரளைக் கல் போடுங்கள். அதன்மேல் ஒரு துணி விரியுங்கள். துணியின்மேல் ஒரு சாண் உயரத்துக்கு மணல் போடுங்கள். மணல்மேல் ஒரு சிறு ஓட்டுத் துண்டை வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போது ஓட்டின்மேல் விழ வேண்டும். நேராக மணலில் விழுந்தால் குழி பறிக்கும். குழி வழியாகத் தண்ணீர் வடியாமலே இறங்கிவிடும்.

இரண்டாவது பானையிலும் அடியில் சரளை போடுங்கள். அதன்மேல் நான்கு விரல் உயரம் கரி. கரிக்குமேல் துணி, துணிக்குமேல் மறுபடியும் நான்கு விரல் மணல். மணல் இல்லாவிட்டால் கரி மிதந்து மேலே வந்துவிடும்.

மூன்றாவது பானை தண்ணீர் சேரும் பானை. அதில் ஒன்றும் போட வேண்டாம். வாய்க்குத் துணி கட்டுங்கள். முடிந்தால் அதில் ஒரு குழாய் பொருத்துங்கள்.

தண்ணீர் சேறாக இருந்தால் அதை அப்படியே வடிகட்டியில் ஊற்றாதீர்கள். ஒரு குடத்தில் இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். சேறு அடியில் தங்கும். நம் பாட்டிமார் குடத்தின் உள்பக்கம் தேத்தான்கொட்டையைத் தேய்ப்பார்கள். அது சேற்றைச் சேர்த்துப் பிடித்து அடியில் இறக்கிவிடும். வட இந்தியாவிலும் இந்தப் பழக்கம் உண்டு. அங்கே அந்தக் கொட்டைக்கு ‘நிர்மலி’ என்று பெயர். மேலே தெளிந்த நீரை மட்டும் துணியில் வடித்து வடிகட்டியில் ஊற்றினால், மணல் சீக்கிரம் அடைபடாது.

முதலில் வரும் சில குடம் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. செடிக்கு ஊற்றுங்கள். கரித்தூள் வருவது நின்ற பிறகு சோதனையைத் தொடங்கலாம்.

நான்கு சோதனைகள்

செய்தது சரியாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி வேண்டாம்.

முதல் சோதனைக்கு இந்தப் புத்தகமே போதும். ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய வடிகட்டாத தண்ணீரை எடுங்கள். அதை இந்தப் பாடத்தின் தலைப்பின்மேல் வையுங்கள். டம்ளரின் வாய் வழியாகக் கீழே பாருங்கள். எழுத்தைப் படிக்க முடிகிறதா? பிறகு வடிகட்டிய தண்ணீரை அதேபோல வைத்துப் பாருங்கள். இரண்டாவது தண்ணீரில் எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மணலை மறுபடியும் கழுவ வேண்டும்.

இரண்டாவது, வாசனைச் சோதனை. இரண்டு தண்ணீரையும் இரண்டு டம்ளரில் ஊற்றி, தட்டுப் போட்டு அரைமணி நேரம் மூடி வையுங்கள். பிறகு தட்டைத் திறந்து முகர்ந்து பாருங்கள். குளத்து வாடை குறைந்திருந்தால் கரி வேலை செய்கிறது என்று பொருள். வாடையையும் நிறத்தையும் பிடித்துக் கொள்வதுதான் கரியின் வேலை. கரி கிருமியைக் கொல்லும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பழைய கரியில் கிருமி குடியேறிப் பெருகவும் செய்யும்.

மூன்றாவது, உப்புச் சோதனை. ஒரு சொம்பு சுத்தமான தண்ணீரில் ஒரு கரண்டி உப்பைக் கரையுங்கள். இதுபோல மூன்று, நான்கு சொம்பு ஊற்றுங்கள். முதலில் வருவது உள்ளே முன்பே இருந்த தண்ணீர். அதை விட்டுவிடுங்கள். கடைசியில் வருவதைப் பிடியுங்கள். கொதிக்க வைத்து ஆற்றி, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள்.

உப்புக் கரிக்கும். மணலும் கரியும் உப்பைப் பிடிக்கவில்லை. தண்ணீரில் கலங்கி நிற்பது வேறு, கரைந்து போனது வேறு. கலங்கி நிற்பதை மணல் பிடிக்கும். கரைந்ததைப் பிடிக்காது.

இது பெரிய விஷயம். தெலங்கானாவின் நல்கொண்டா பகுதியில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. அதிகமானால் குழந்தைகளின் பல் பழுப்பாகும். பல வருடம் குடித்தால் எலும்பு வளையும், முதுகு நிமிராது. மேற்கு வங்காளத்தில் பல கைப்பம்புத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற விஷம் இருப்பது 1980-களில் தெரிய வந்தது. அந்தத் தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும். நிறம், மணம், ருசி எதுவும் காட்டிக் கொடுக்காது. பானை வடிகட்டி இவற்றை நீக்காது. கொதிக்க வைப்பதும் உதவாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற விஷம் கெட்டியாகத்தான் ஆகும். ஃபுளோரைடை எடுக்கப் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் ஒரு முறை உண்டு. நாக்பூரில் உள்ள தேசிய ஆய்வு நிறுவனம் அதை உருவாக்கியது. நல்கொண்டா முறை என்றே அதற்குப் பெயர். தண்ணீரைச் சோதித்து அளவு தெரிந்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். உங்கள் ஊரில் பலருக்குப் பல் பழுப்பாக இருக்கிறதா? உள்ளங்கையில் சொரசொரப்பான புள்ளிகள் இருக்கின்றனவா? அப்படியானால் வடிகட்டி செய்வதற்கு முன்னால் தண்ணீரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

நான்காவது, கிருமிச் சோதனை. இதற்கு ஒரு சிறு புட்டி வேண்டும். எச்.டூ.எஸ். புட்டி என்பார்கள். இந்திய விஞ்ஞானிகள் மூவர் 1982-இல் இந்த முறையை வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். புட்டிக்குள் மருந்து தோய்த்த காகிதம் இருக்கும். கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். வாயையோ உள்பக்கத்தையோ கை தொடக் கூடாது. மனிதர், மாடு, நாய் இவற்றின் மலம் தண்ணீரில் கலந்திருந்தால், அதிலுள்ள கிருமிகள் அழுகிய முட்டை வாடையுள்ள ஒரு வாயுவை உண்டாக்கும். அந்த வாயு பட்டதும் காகிதமும் தண்ணீரும் கறுத்துவிடும். ஒரு நாள், இரண்டு நாளில் தெரியும்.

மூன்று புட்டி எடுங்கள். ஒன்றில் குளத்து நீர், ஒன்றில் வடிகட்டிய நீர், ஒன்றில் வடிகட்டிக் கொதிக்க வைத்து ஆற்றிய நீர். குளத்து நீர் கறுத்துப் போகும். வடிகட்டிய நீர்? பெரும்பாலும் அதுவும் கறுக்கும். கொஞ்சம் தாமதமாகக் கறுக்கலாம். கொதித்த நீர் கறுக்காது.

முதல் சோதனையில் எழுத்து பளிச்சென்று தெரிந்ததே, அதே தண்ணீர்தான் இந்தப் புட்டியில் கறுக்கிறது. ‘எங்கள் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், எங்களுக்கு ஒன்றும் வராது’ என்று சொல்பவர்களுக்கு இந்தப் புட்டியைக் காட்டுவது நல்லது. பேசிப் புரிய வைப்பதைவிட அது சுலபம்.

கறுத்த புட்டியில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். அதைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை அதில் ஊற்றி, சிறிது நேரம் வைத்துக் கழிப்பறையில் கொட்டுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இந்தப் புட்டிக்கு எங்கே போவது? 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

பிறகு எதற்கு வடிகட்டி?

கிருமி போகாது என்றால் மணலையும் கரியையும் ஏன் சுமக்க வேண்டும்? நியாயமான கேள்விதான்.

கிருமியைக் கொல்லும் மருந்து கலங்கல் தண்ணீரில் சரியாக வேலை செய்யாது. குளோரின் மாத்திரை போட்டால், மருந்தைச் சேறே தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. வெயிலும் அப்படித்தான். கலங்கல் நீருக்குள் வெயில் இறங்காது. முதலில் தெளிய வைத்தால்தான் அடுத்த வேலை பலிக்கும்.

அடுத்த வேலையை மூன்று வழிகளில் செய்யலாம். கொதிக்க வைப்பது நம்பகமானது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும். இருபது நிமிடம் கொதிக்க வைக்கத் தேவையில்லை. விறகு பொறுக்கி வருவதும் கேஸுக்குக் காசு தேடுவதும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. வீணாக எரிப்பானேன்?

குளோரின் மாத்திரையைச் செவிலியரிடமோ மருந்துக் கடையிலோ வாங்கலாம். அட்டையில் எழுதியிருக்கும் அளவைப் படித்து அதன்படி போடுங்கள். அரைமணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

அடுப்பும் இல்லை, மாத்திரையும் இல்லை என்றால் வெயில் இருக்கிறது. நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலை நன்றாகக் கழுவி, வடிகட்டிய நீரை நிரப்புங்கள். இரண்டு லிட்டருக்குமேல் பெரிய பாட்டில் வேண்டாம். அதைக் கூரைமேல் நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வையுங்கள். மேகம் மூடியிருந்தால் இரண்டு நாள். விடாமல் மழை பெய்யும் நாளில் இந்த முறை பலிக்காது.

பராமரிப்பு

நாள் ஆக ஆக, மேல் மணலில் அழுக்குப் படியும். தண்ணீர் இறங்குவது குறையும். அப்போது மேலே இரண்டு விரல் மணலை வழித்து எடுத்துக் கழுவிப் போடுங்கள். திடீரென்று தண்ணீர் வேகமாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். மணலில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. கிளறி, அழுத்தி, சமப்படுத்துங்கள். கரியை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வாடை மறுபடியும் வந்தால் மாதம் ஆகும் வரை காத்திருக்க வேண்டாம். சில நாட்கள் வெளியூர் போய்த் திரும்பினால், முதலில் வரும் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். துணியைத் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ, அதே பக்கம் மேலே இருக்கும்படி திரும்பப் போட வேண்டும். மாறிவிடாமல் இருக்க ஓரத்தில் வண்ண நூலால் ஒரு தையல் போட்டு வையுங்கள்.

கொதித்து ஆறிய நீரைக் குறுகிய வாயுள்ள குடத்தில் ஊற்றி மூடுங்கள். சொம்பை உள்ளே விட்டு மொள்ளக் கூடாது. விரல் தண்ணீரில் பட்டால் அத்தனை வேலையும் வீண். நீண்ட காம்புள்ள அகப்பையால் எடுங்கள். எடுத்த பிறகு அகப்பையைத் தரையில் போடாமல், சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள்.